ஆர்னோ வைகெல்ட் பதக்கங்களைத் தேய்த்த சனிக்கிழமை

பல் டாக்டர் பார்ட்டெலின் வீட்டுச் சாமான்களை ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆர்னோ வைகெல்ட் எதிர்வீட்டுக் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். புகைபோக்கிக்குள் இரும்புக் குண்டு கட்டிய தூரிகையை இறக்கியவர், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முதலில் நிலைக்கடிகாரம் வந்தது. பிறகு கண்ணாடி அலமாரி, பிறகு பீங்கான் சாமான்கள். கடைசியாகப் பழைய பதக்கங்கள் அடுக்கிய நான்கு தட்டையான மரப்பெட்டிகள் வந்தன. அந்தப் பெட்டிகளுக்குள் எந்த வரிசையில் எது இருக்கிறது என்பது ஆர்னோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். தூக்கி வந்தவன் அவற்றைக் கக்கத்தில் இடுக்கிச் செங்குத்தாகப் பிடித்திருந்தான். "மட்டமாப் பிடிடா மடையா" என்று கத்த வாய்வரை வந்தது. கத்தவில்லை. கிழக்கு ஜெர்மனியில், 1983ஆம் வருஷத்தில், கூரைமேல் நின்றுகொண்டு யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லை.

நடந்தது என்னவென்று தெருவுக்கே தெரியும். பழைய பொருள் சேர்த்து வைத்திருப்பவர் வீட்டுக்கு ஒருநாள் அரசாங்கத்து ஆட்கள் வருவார்கள். வீட்டில் இருப்பதையெல்லாம் கடைச்சரக்கு மாதிரி விலை போடுவார்கள். நீ சேகரிப்பாளன் இல்லை, வியாபாரி, இத்தனை வருஷ வரியைக் கட்டு என்பார்கள். எந்தப் பல் வைத்தியரும் ஏழு ஜென்மத்துக்கும் கட்டிமுடிக்க முடியாத வரியாக அது இருக்கும். அதற்கு ஈடாகச் சாமான்கள் லாரி ஏறும், எல்லை தாண்டும், மேற்கே ஏதோ ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும். இதைச் செய்கிற அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

ஆர்னோவின் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. கீழே இறங்கும்போது ஏணியில் ஒரு படி தவறியது. அறுபதை நெருங்குகிற வயதுவரை ஏணியில் படி தவறாத கால் அது.

ஆர்னோவின் வாழ்க்கையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார். ஷோப்பாவ் ஆற்றங்கரையில் அந்தச் சின்ன ஊர். போருக்குப் போனார், திரும்பி வந்தார், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலுக்குள் போனார். காலுறை ஆலையில் வேலை செய்த லீஸ்பெத்தைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. ஊர்க்காரர்கள் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு வீட்டின் பரண்வரைக்கும் போகிற உரிமை ஊரில் பாதிரியாருக்குக் கிடையாது, போலீஸுக்குக் கிடையாது, ஆர்னோவுக்குத்தான் உண்டு. போலீஸுக்கு வேண்டுமென்றால் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பரண்களில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அரசர்கள் காலத்தில் நாற்பது வருஷம் ஒழுங்காகக் காடு காத்த வனக்காவலருக்கு, பள்ளி ஆசிரியருக்கு, சுரங்க மேஸ்திரிக்கு வெள்ளி நற்சேவைப் பதக்கம் ஒன்று கொடுப்பார்கள். ஒருபக்கம் அரசர் தலை, மறுபக்கம் ஓக் இலை வளையம். மேலே கோத்துக்கொள்ள ஒரு நாடா. பெரிய மனிதர்களுக்குச் சிலுவையும் நட்சத்திரமும். இந்த வெள்ளி வட்டம் சின்ன மனிதர்களுக்கு. அதிலும் ஒரு கஞ்சத்தனம் இருந்தது. வாங்கியவர் செத்துப்போனால் பதக்கத்தை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பல இடங்களில் விதி. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மனசு வருமா? தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டு உத்தரத்துக்கு மேலேயோ, புகைபோக்கியின் சாம்பல் கதவுக்குப் பின்னால் ஒரு செங்கல்லைப் பெயர்த்தோ ஒளித்துவைத்தார்கள். ஒளித்தவர்களும் செத்தார்கள். அறுபது எழுபது வருஷம் கழித்துக் கரி படிந்த ஒரு கை உள்ளே போய் அதைத் தொட்டது.

ஆர்னோ எதையும் சுருட்டியதில்லை. கண்டெடுத்ததைக் கீழே கொண்டுபோய் வீட்டுக்காரர் முன்னால் வைப்பார். பாதிப் பேர் தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர், "எங்களுக்கெதுக்கு மாஸ்டர், நீங்களே கொண்டுபோங்க" என்பார்கள். உடனே கொண்டுபோக மாட்டார். யாருடையது, எதற்குக் கொடுத்தார்கள் என்று உட்கார்ந்து கேட்பார். அப்படிச் சேர்ந்தவை முப்பத்துச் சொச்சம். எட்டு மாணவர்களைப் பனிப்புயலிலிருந்து வீடு சேர்த்த ஆசிரியர். ஒரே வீட்டில் ஆயுள் முழுக்கச் சமைத்துப்போட்ட வேலைக்காரி. இடிந்த சுரங்கத்துக்குள் மூன்று தடவை இறங்கி ஆட்களைத் தூக்கிவந்த கார்ல் மெஹ்னெர்ட் என்கிற மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைத் துணி விரித்து, மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்பார்.

"மத்த ஆம்பளைங்க பக்கத்துவீட்டுக்காரியைப் பார்ப்பாங்க. எனக்கு வாய்ச்சது செத்துப்போன வனக்காவலரைப் பார்க்குது" என்று லீஸ்பெத் உருளைக்கிழங்கு உரித்தபடியே சொல்வாள்.

சேகரிப்பாளர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பழைய வெள்ளியைத் தேய்க்கக் கூடாது. நூறு வருஷக் காற்று வெள்ளியின்மேல் ஒரு கறுப்பைப் படியவைக்கும். ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக ஓடும் அந்தக் கறுப்பைச் சேகரிப்பாளர்கள் 'தோல்' என்பார்கள். தேய்த்தால் தோல் உரிந்துவிடும், கூடவே அரசரின் தலைமுடிக் கோடுகளும் மழுங்கிவிடும். பிறகு அது பளபளக்கிற பிணம். நாணயம் சேகரிப்பவர்களின் சங்கக் கூட்டத்துக்கு ஒருதடவை ஒருவர் விவரம் தெரியாமல் தேய்த்த பதக்கத்தைக் கொண்டுவந்தார். எல்லோரும் பார்த்தார்கள், எழவு வீட்டில் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள், யாரும் கையில்கூட வாங்கவில்லை. கல்யாணமான புதிதில் லீஸ்பெத் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக இருக்கட்டும் என்று ஒன்றைத் தேய்த்துவைத்தாள். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை.

லாரி போன மூன்றாம் நாள் டாக்டர் பார்ட்டெல் வந்தார். ஏகோன் பார்ட்டெல் ஆர்னோவுக்கு இருபது வருஷச் சிநேகிதர். எப்போதும் இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர் அன்றைக்குச் சவரம் செய்யாமல் வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன்னைப் பத்திக் கேட்டாங்க, ஆர்னோ."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன். சிரிச்சாங்க. போன வருஷம் கலாசார மண்டபத்துல கண்காட்சி வெச்சியே, அந்தப் படத்தை ஒருத்தன் எடுத்துப் போட்டான். ஒவ்வொண்ணா எண்ணி வெச்சிருக்கான்."

கண்காட்சிக்கு வையுங்கள் என்று சங்கம் கேட்டபோது பெருமையில் தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் வைத்தவர் ஆர்னோதான். பத்திரிகையில் படம் வந்ததும் லீஸ்பெத் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டாள். இப்போது மூன்று பேரும் சுவரில் இருந்த அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

"ஒளிச்சு வெச்சிடேன். ஊர்ல எத்தனை புகைபோக்கி இருக்கு, உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றாள் லீஸ்பெத்.

"எண்ணிக்கை குறைஞ்சா உள்ள தள்ளிடுவான், லீஸ்பெத். அடுத்த ஊர்ல ஒருத்தர் கடிகாரத்தைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். இப்ப அவரும் இல்ல, தங்கச்சியும் இல்ல. சொத்தை மறைச்சானாம்" என்றார் பார்ட்டெல்.

ஆர்னோ அன்றிலிருந்து தூங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் தூரிகையை ஒரு புகைபோக்கிக்குள் விட்டுவிட்டு அடுத்த கூரைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அவை என்னவாக இருந்தன என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. லீஸ்பெத்துக்குத் தெரியும். கேட்கவும் மாட்டாள். அவற்றைக் கொண்டுபோய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான் அவளுடைய பயம். அவருக்கோ அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்றே நினைத்துப்பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"லீஸ்பெத், வீட்ல பற்பசை எவ்வளவு இருக்கு?"

"எதுக்கு?"

"அவங்க இதை எங்க விக்கிறாங்க? மேற்குல. யாருக்கு விக்கிறாங்க? எங்களை மாதிரி ஆளுங்களுக்கு. தேய்ச்ச பதக்கத்தை எங்களை மாதிரி ஆள் எவனாவது தொடுவானா?"

அவளுக்குப் புரிந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணைத் தேய்ச்சதுக்கு என்கிட்ட பத்து நாள் பேசல நீ."

"பேசல."

"இப்ப எல்லாத்தையும் தேய்க்கப் போறியா?"

"இங்கயே இருக்கும்ல. தோல் போனாப் போகட்டும். ஆள் இருப்பாங்கல்ல."

மறுநாள் சனிக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்ததும் பச்சைத் துணியை விரிக்காமல் பழைய துவாலையை விரித்தார். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. முதலில் மனசுக்கு அவ்வளவாக நெருக்கமில்லாத ஒரு சுங்க அதிகாரியை எடுத்தார். பற்பசையைத் தொட்டுக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தார். நுரை சாம்பல் நிறமாகி, பிறகு கறுப்பாக வழிந்தது. கழுவித் துடைத்தபோது கையில் இருந்தது அவருக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள். திருவிழாவில் குறிபார்த்துச் சுட்டால் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒன்று.

பிறகு அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். ஆசிரியரைத் தேய்த்தார், வனக்காவலர்களைத் தேய்த்தார், வேலைக்காரியைத் தேய்க்கும்போது "மன்னிச்சுக்கம்மா" என்று வாய்விட்டே சொன்னார். சமையலறை முழுக்கப் புதினா வாசனை. கட்டைவிரல் தோல் வழண்டு எரிந்தது. அந்த எரிச்சல் அவருக்கு வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

மிஞ்சியது கார்ல் மெஹ்னெர்ட். ஒரு கிழவி சாகிறதற்கு முந்தின வருஷம் தன் கையாலேயே சாம்பல் கதவைத் திறந்துகாட்டி எடுத்துக்கொள்ளச் சொன்ன பதக்கம். தோல் என்றால் அதுதான் தோல். இருட்டுகிற வானம் மாதிரி நடுவில் கறுத்து, ஓரத்தில் நீலம் மின்னும். ஆர்னோ அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் அசையவில்லை.

"இதை மட்டும் விட்டுடேன்" என்றாள் லீஸ்பெத்.

"இதைத்தான் முதல்ல எடுப்பான்."

அவர் மேசைமேல் கவிழ்ந்து அழுதார். கணவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சநேரம் அப்படியே விட்டாள். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பதக்கத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். "நீ வெளிய போய் விறகு வெட்டு. நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

புதன்கிழமை வந்தார்கள். மதிப்புப் போடுகிறவர் பெயர் லூடெக். வழுக்கைத்தலை, மரியாதையான பேச்சு, வாசலிலேயே ஷூவை நன்றாகத் துடைத்துக்கொண்டு வருகிற மனிதர். கூடவே இரண்டு ஆட்கள். சுவரில் இருந்த கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், அலமாரியின் முதுகைத் தடவிப் பார்த்தார். மரச்சாமான்களில் அவர் கெட்டிக்காரர் என்பது தெரிந்தது. பிறகு பெட்டியைத் திறந்தார். ஆர்னோ அந்த முகத்தையே பார்த்தார்.

லூடெக்கின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா. ஹெர் வைகெல்ட், பொருளை இப்படி வெச்சுக்கணும். அந்தப் பல் டாக்டர் எல்லாத்தையும் அடுப்புக்கரி மாதிரி போட்டு வெச்சிருந்தாரு. எந்தப் பக்கம் தலைன்னே தெரியல."

ஆர்னோ ஒரு அடி முன்னால் வந்தார்.

"இல்லைங்க. இது கெட்டுப்போன சரக்கு. தேய்ச்சாச்சு. தேய்ச்சதுக்கு மதிப்பே கிடையாது."

"எல்லா வீட்லயும் இதே பாட்டுதான். டாக்டர் வீட்ல பீங்கான் எல்லாம் போலின்னாரு. போன வாரம் ஒரு அம்மா, அந்தப் பியானோவுக்குள்ள எலி இருக்குன்னாங்க."

"நான் சத்தியமா சொல்றேன். நான்தான் தேய்ச்சேன். போன சனிக்கிழமை. பற்பசை போட்டு."

வேண்டுமென்றே பொருளைக் கெடுத்தேன் என்று அந்த ஆளிடம் ஒப்புக்கொள்வது எப்படிப்பட்ட காரியம் என்று லீஸ்பெத்துக்கு உறைத்தது. கணவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார். லூடெக் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

"பல் டாக்டரோட சிநேகிதருன்னா வீட்ல பற்பசைக்கா பஞ்சம்?"

ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். ஆர்னோ பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் திணித்தார். "பாருங்க. அரசர் தலைல பாருங்க. முடி தேஞ்சு போச்சு."

"எனக்கும்தான் தேஞ்சு போச்சு" என்று லூடெக் தன் மண்டையைத் தடவிக்கொண்டார்.

"புஸ்தகத்தைப் பாருங்க. உங்க ஆளுங்க யாரையாவது கேளுங்க. மேற்குல எவனும் வாங்க மாட்டான். உங்களுக்கு நஷ்டம். நான் கெஞ்சிக் கேட்கிறேன், இதை எழுதாதீங்க. இதெல்லாம் குப்பை. இந்த ஆசிரியர் குப்பை, இந்த..." வாழ்நாள் முழுக்கத் தூக்கி வைத்திருந்ததைத் தன் வாயாலேயே குப்பை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தப்பை ஒரு சேகரிப்பாளன்தான் செய்வான். தன் கண்ணுக்குத் தெரிகிற பிணம் ஊருக்கே பிணமாகத் தெரியும் என்று நம்பிவிட்டார். ஊர்க்கண்ணுக்கு அது பளபளவென்று இருந்தது, அவ்வளவுதான். லூடெக் பேனாவைத் திறந்து, நிலை என்ற இடத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார். அப்படி எழுதியதால் மதிப்பும் ஏறியது, வரியும் ஏறியது. அதற்கு ஈடுகட்ட லீஸ்பெத்தின் அம்மா கொடுத்த சுவர்க்கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டார்கள். போகும்போது லூடெக் கைகுலுக்கினார். ஆர்னோ கையைக் கொடுத்தார். எதற்குக் கொடுத்தோம் என்று பிற்பாடு அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்ட்டெல் வந்தார். சவரம் செய்திருந்தார். லீஸ்பெத் பிளம் கேக் சுட்டிருந்தாள். துணி விரிக்காத மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கடிகாரம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. ஆறுதல் சொல்லத்தான் பார்ட்டெல் வந்திருந்தார். அதற்கு முதல்நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தவர் மாதிரி பேசினார்.

"நான் எனக்கே ஒண்ணு சொல்லிக்கிட்டேன், ஆர்னோ. சொல்லட்டுமா? ஹாம்பர்க்லயோ எங்கயோ ஒரு கிறுக்கன் இருப்பான். நம்மளை மாதிரியே கிறுக்கன். அவன் வாங்குவான். ஞாயித்துக்கிழமை காலைல விரிச்சு வெச்சுப் பார்ப்பான். பொண்டாட்டி திட்டுவா. என்கிட்ட இருந்தா என்ன, அவன்கிட்ட இருந்தா என்ன? பொருள் முழுசா இருக்குல்ல. உன்னோட மெஹ்னெர்ட்டைப் பார்த்தா அந்த ஆள் ரெண்டு நாள் தூங்க மாட்டான்."

ஆர்னோ கேக்கைத் தட்டில் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு, ஆர்னோ?"

"தேய்ச்சுட்டேன், ஏகோன்."

"என்னது?"

"அவங்க வர்றதுக்கு முன்னால. எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். எல்லாத்தையும் தேய்ச்சுட்டேன்."

பார்ட்டெல் அவரையே பார்த்தார். பிறகு லீஸ்பெத்தைப் பார்த்தார், யாராவது ஒருவர் இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்பதுபோல.

"மெஹ்னெர்ட்டையுமா?"

"அதை நான் தேய்ச்சேன். அவரால முடியல" என்றாள் லீஸ்பெத்.

தன் வீடு காலியானபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதருக்குக் கண் கலங்கியது. கோப்பையை மெதுவாகத் தட்டின்மேல் வைத்தார். எழுந்து கோட்டை எடுத்தார். ஒரு கை உள்ளே போக மறுத்தது. ஆர்னோ பின்னாலிருந்து பிடித்துவிட்டார்.

"எனக்கு வேற வழி தெரியல, ஏகோன்."

பார்ட்டெல் படியில் இரண்டு அடி இறங்கி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சும்மா இருந்திருக்கலாமே" என்றார்.

அவர் இறங்கிப் போகிற சத்தமும் கீழ்க்கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. அந்த ஒரு வழி ஆர்னோவுக்குத் தோன்றவே இல்லை. குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்து என்று லீஸ்பெத் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவளே எழுந்துவந்து சாத்தினாள்.